கொழும்பில் ஷோரூமில் புதுக் கார் வாங்கும்போது விலை பேசிக் குறைக்க முடியுமா?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: ஏஜன்ட் (கம்பனியின் அதிகாரபூர்வ முகவர்) ஷோரூமில் ஒரு கார் பிடித்துவிட்டது. விற்பனையாளர் "விலையில ஒரு ரூபாயும் குறையாது சேர், முற்பணம் கட்டினா இந்த ஷிப்மென்ட்ல ஒண்டு எடுத்து வைக்கிறன்" என்கிறார். லீசிங்கையும் காப்புறுதியையும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். இதில் எங்கே பேரம் பேசுவது?

விற்பனையாளர் சொன்னதில் முக்கால்வாசி உண்மைதான். கொழும்பில் புதுக் காரின் விலைச்சீட்டில் உள்ள தொகையைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுவது வீண்வேலை. முற்பணம் கட்டும் நாளுக்கும் சாவி கைக்கு வரும் நாளுக்கும் நடுவில் எது மாறினாலும் அந்தச் செலவு யார் தலையில் விழும் என்பதைத்தான் பேசித் தீர்க்க வேண்டும். காசு போவதும் மிஞ்சுவதும் அங்கேதான்.

விலை ஏன் அசையாது என்று பார்த்துவிடுவோம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1இல்தான் திரும்பத் திறந்தது. திறந்தபோது இருந்த வரி அடுக்கு இப்படி: சுங்க வரி 20 வீதம், அந்த வரியின் மேல் இன்னும் பாதி மேலதிகக் கட்டணம், பிறகு எஞ்சின் கொள்ளளவைப் பார்த்துப் போடும் உற்பத்தி வரி, இவ்வளவும் சேர்ந்த தொகைக்கு 18 வீத வற் (பெறுமதி சேர் வரி). பெறுமதி கூடிய வாகனம் என்றால் ஆடம்பர வரியும் உண்டு. பல கார்களில் நீங்கள் கொடுக்கும் காசில் பாதிக்கு மேல் அரசாங்கத்துக்குப் போகிறது. ஏஜன்ட்டின் கையில் மிஞ்சுவது சின்னத் துண்டு, அதில் பெரிய கழிவு கேட்டால் அவரால் தர முடியாது. அதனால் 660 சிசியா, 1000 சிசியா, 1500 சிசியா என்று நீங்கள் வீட்டிலேயே எடுக்கும் முடிவு, எந்தப் பேரத்தையும்விடப் பெரிய தொகையை மிச்சப்படுத்தும். ஷோரூமுக்குப் போய் நின்று யோசிக்கிற விஷயம் அல்ல அது.

சரி, விலை அசையும் இடங்களும் உண்டு. ஒன்று, முற்றத்தில் நிற்கும் வண்டி. இறக்குமதி செய்த வாகனத்தை 90 நாளுக்குள் பதியாவிட்டால், இறக்குமதிப் பெறுமதியில் மாதம் 3 வீதம் தாமதக் கட்டணம் என்று 2025இல் விதி போட்டார்கள். ஷோரூமின் பின்பக்கம் தூசு படிந்து நிற்கும் கார் எப்போது சுங்கத்தில் வெளியே வந்தது என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். சில மாதம் ஆகியிருந்தால், நீங்கள் ஒன்றும் சொல்லாமலே விற்பனையாளரின் குரல் இறங்கும். இரண்டாவது, உற்பத்தி ஆண்டு. நம்மூரில் பிறகு விற்கப் போனால் முதல் கேள்வியே எத்தனையாம் ஆண்டு வண்டி என்பதுதான். ஜனவரியில் வாங்குகிறீர்கள், வண்டி போன வருடத்தது என்றால், அதைக் காட்டி விலை கேட்பதில் கூச்சமே வேண்டாம். மூன்றாவது, ஆட்கள் எடுக்கத் தயங்கும் நிறம். இவ்வளவுதான். 'பொட்டக் அடு கரன்ன' (கொஞ்சம் குறையுங்கள்) என்று எவ்வளவு இனிமையாகச் சிங்களத்தில் கேட்டாலும், வரிசையில் ஆட்கள் காத்திருக்கும் மொடலுக்கு ஒன்றும் நடக்காது.

இனி முற்பணம். விற்பனையாளர் நீட்டும் ஓடர் படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், பின்பக்கத்தில் பொடி எழுத்து. அதில் தேட வேண்டிய வாசகம் ஒன்று: வரி, நாணய மாற்று, கப்பல் கட்டணம் ஆகியவற்றின் மாற்றத்துக்கு ஏற்ப விலை மாறும் என்பது. இது இல்லாத படிவம் கிடைப்பது அரிது. அதை முழுதாக வெட்டச் சொன்னால் எந்த மனேஜரும் சம்மதிக்க மாட்டார், சம்மதித்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். ஆனால் அதைச் சுருக்கலாம். வரி மாறினால் மட்டும், அதுவும் வர்த்தமானியில் வந்த வித்தியாசம் மட்டும் என்று எழுதக் கேளுங்கள். வண்டிக்கு ஏற்கெனவே எல்சி (இறக்குமதிக்காக வங்கி தரும் நாணயக் கடிதம்) திறந்தாகிவிட்டதா என்று கேளுங்கள். வண்டி துறைமுகத்துக்கே வந்துவிட்டது என்றால், நாணய மாற்றைச் சாட்டி விலையைக் கூட்டக் காரணம் இல்லை, அந்தச் சொல்லை வெட்டலாம். வரி குறைந்தால் விலையும் குறையும் என்று மறுபக்கமும் எழுதச் சொல்லுங்கள். கூடும்போது உங்களுடையது, குறையும்போது அவர்களுடையது என்பது நியாயம் இல்லை, இதை முகத்துக்கு நேரே சொன்னால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

என் மச்சான் வண்டி எடுத்தபோது நான் கூடப் போயிருந்தேன். "மனேஜரிட்ட கேட்டுச் சொல்றன் சேர்" என்று அந்தப் பையன் உள்ளே போனான். நாங்கள் மைலோவைக் குடித்துக்கொண்டு இருந்தோம். திரும்பி வந்தபோது படிவத்தில் இரண்டு வரி பேனாவால் அடிக்கப்பட்டு, ஓரத்தில் "விலை இந்தத் திகதி வரை மாறாது" என்று கையால் எழுதி, மேலே கம்பனி முத்திரை, அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கையெழுத்து. விலையில் ஐந்து சதக் காசுகூடக் குறையவில்லை. வண்டி வருவதற்குள் அதே மொடலுக்கு விலைச்சீட்டு மாறிவிட்டது, மச்சான் பழைய விலையிலேயே எடுத்தார். வாயால் தந்த வாக்குக்கு அங்கே மதிப்பில்லை, விற்பனையாளரே அடுத்த மாதம் வேறு கம்பனிக்குப் போய்விடலாம். பேனாவும் முத்திரையும்தான் கணக்கு.

அதே படிவத்தில் இன்னும் இரண்டு விஷயம். சொன்ன திகதிக்கு வண்டி வராவிட்டால் முற்பணத்தை முழுதாக எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்பது ஒன்று. திருப்பித் தர மாட்டோம் என்று இருந்தால், தொகையைக் குறைக்கச் சொல்லுங்கள். இடம் பிடிக்க ஒரு சிறு தொகை போதும், பாதி விலை தேவையில்லை. மற்றது, உங்கள் வண்டிக்குச் சேஸி இலக்கம் கிடைத்தவுடன் அதை எழுத்தில் தர வேண்டும் என்பது. இலக்கம் இல்லாத முற்பணம் ஒரு நம்பிக்கைதான், கார் இல்லை. காசைக் கம்பனியின் வங்கிக் கணக்குக்கு மட்டும் போடுங்கள். விற்பனையாளரின் சொந்தக் கணக்கு என்றால் எழுந்து வாருங்கள். பற்றுச்சீட்டு தர மறுக்கும் வியாபாரியைப் பற்றி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இலக்கத்தில் சொல்லலாம்.

லீசிங்கைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் ஷோரூம்காரர்கள் விலையில் விட்டுக்கொடுக்காமல் சிரித்துக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உங்களை லீசிங் கம்பனிக்கு அனுப்பினால் அவர்களுக்கும் ஒரு பங்கு கிடைப்பது உண்டு. அவர்கள் உங்களிடம் சொல்வது மாதத் தவணையை மட்டும்தான். 40 லட்சம் ரூபாயை 5 வருடத்துக்கு எடுக்கிறீர்கள் என்று வைப்போம். வருடத்துக்கு 12 வீதம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 89,000. அதுவே 14 வீதம் என்றால் 93,000 சொச்சம். மாதம் நாலாயிரம்தானே என்று தோன்றும், 60 மாதத்துக்குப் பெருக்கினால் கிட்டத்தட்ட இரண்டரை லட்சம். விலையில் இரண்டரை லட்சம் குறைத்துத் தாருங்கள் என்று கேட்டால் ஷோரூமில் எல்லோரும் சிரிப்பார்கள், இங்கே அதே தொகை யாரும் பார்க்காமல் போய்விடுகிறது.

இன்னொரு விளையாட்டும் உண்டு. "ஏழு வீதம்தான் சேர், பிளாட்" என்பார்கள். பிளாட் என்றால் நீங்கள் கடனைக் கட்டக் கட்ட வட்டி குறையாது, முதல் நாள் தொகைக்கே கடைசி மாதம் வரை வட்டி. 40 லட்சத்துக்கு 7 வீதம் பிளாட் 5 வருடம் என்றால் தவணை 90,000 வரும். குறையும் நிலுவைக் கணக்கில் அது 12.5 வீதத்துக்குச் சமம். ஆகவே வீதத்தைக் கேட்காதீர்கள், மொத்தம் எவ்வளவு கட்டி முடிப்பேன் என்று கேளுங்கள். முன்கூட்டியே அடைத்தால் என்ன கட்டணம் என்றும் கேட்டு வையுங்கள். நீங்கள் சம்பளம் வாங்கும் வங்கியில், லீசிங் தருவதானால் எவ்வளவு என்று ஒரு மேற்கோளை (கொட்டேஷன்) எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனால், அவர்களுடைய வீதம் தானாகவே இறங்கும். வாகனப் பெறுமதியில் எவ்வளவுக்கு லீசிங் தரலாம் என்று மத்திய வங்கி ஓர் உச்சவரம்பு வைக்கிறது, அதைக் காலத்துக்குக் காலம் மாற்றுகிறது. ஆகவே கையில் எவ்வளவு காசு வைக்க வேண்டும் என்பதை முற்பணம் கட்ட முதலே வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டிய பிறகு கேட்டால் ஓட்டம்தான்.

காப்புறுதியும் அப்படித்தான். ஷோரூமில் ஒரு கம்பனியின் பெயரை மட்டும் சொல்வார்கள். பழைய காரில் நட்டஈடு கோராமல் சேர்த்த போனஸ் உங்களுக்கு இருந்தால், அதைப் புது வண்டிக்கு மாற்றித் தருவார்களா என்று வேறு இரண்டு இடத்தில் கேளுங்கள். பதிவுச் செலவு, இலக்கத்தகடு, வருமான அனுமதிப்பத்திரம் எல்லாம் விலைக்குள் அடங்குமா, வெளியேயா என்பதை வரிவரியாக எழுதி வாங்குங்கள். கால்மிதி மற், மட் கார்ட், கண்ணாடிக்கு டின்ட் போன்றவற்றை "இனாமாகத் தாறம்" என்று பெரிதாகச் சொல்வார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதற்காக மேலே சொன்ன எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள். எனக்குக் கேட்டால், இனாம் பொருளுக்குப் பதில் முதல் சில சேவிஸ்களுக்குக் கூலி எடுக்க வேண்டாம் என்று கேட்பேன்.

பழைய காரை அங்கேயே கொடுத்துப் புதிது எடுக்கும் யோசனை இருந்தால், இரண்டையும் ஒரே பேச்சில் பேசாதீர்கள். புதுக் காரின் கணக்கு எழுத்தில் முடியும் வரை பழைய காரைப் பற்றி வாயே திறக்க வேண்டாம். அதற்கு முதல் இக்மன், ரியசெவன விளம்பர இணையத்தளங்களில் அதே ஆண்டு, அதே மொடல் என்ன விலை போகிறது என்று பார்த்து, அதில் கொஞ்சம் கழித்த தொகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நுகேகொடைப் பக்கம் ஹைலெவல் வீதியில் நிற்கும் ரீகண்டிஷன் வண்டிகளையும் (ஜப்பானில் ஓடி இங்கே இறக்கியவை) பார்ப்பேன் என்பவர்களுக்கு: அங்கே விலையில் உண்மையாகவே பேரம் நடக்கும், ஆனால் முதலில் ஏலச்சீட்டைக் கேளுங்கள், ஜப்பானில் வண்டி ஏலம் போனபோது அதன் நிலையைக் குறித்த தாள் அது. ஜப்பானிய மொழியில் ஒரு காரின் வரைபடமும் சிறு குறிகளும் இருக்கும், மேல் மூலையில் தரப் புள்ளி. R என்று இருந்தால் விபத்துத் திருத்தம் பார்த்த வண்டி. சீட்டில் உள்ள சேஸி இலக்கமும் வண்டியில் உள்ளதும் ஒன்றா என்று குனிந்து பாருங்கள், கிலோமீட்டரையும் ஒப்பிடுங்கள். சீட்டு தொலைந்துவிட்டது என்றால் அந்த வண்டிக்கு விலையே பேச வேண்டாம். ஏஜன்ட் அல்லாதவர் இறக்கிய புத்தம் புது வண்டி என்றால், உத்தரவாதத்தை யார் நிறைவேற்றுவார், எந்த கராஜில் என்று எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி கேட்டவருக்கு நேரடியாக: இந்தக் கிழமை முற்பணம் கட்ட வேண்டாம். படிவத்தின் ஒரு பிரதியை வீட்டுக்கு வாங்கி வந்து, பின்பக்கத்தை இரவில் ஆறுதலாக வாசியுங்கள். தர மறுத்தால் அதே மொடலுக்கு வேறு கிளை இருக்கும். உங்களிடம் வரி அடையாள இலக்கம் இல்லையென்றால் இறைவரித் திணைக்களத்தில் இப்போதே எடுத்துவிடுங்கள், வாகனப் பதிவுக்கு அது கேட்கிறார்கள். வங்கி மேற்கோள் வந்த பிறகு, வார நாளில், ஆட்கள் குறைந்த காலை நேரத்தில் திரும்பப் போங்கள். விலையைப் பற்றி ஒரு தடவை மட்டும் கேட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அந்தப் பொடி எழுத்தில் பேசுங்கள்.