கேள்வி – பதில்: கீமோ முடிந்தும் மார்பில் கட்டி தெரிகிறதே?

கேள்வி: என் மகனுக்கு வயது 22. நடு மார்பில் ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுக் கட்டி இருந்தது. கீமோ முடிந்த பிறகு எடுத்த சி.டி. ஸ்கேனில், 9 சென்டிமீட்டராக இருந்த கட்டி 4 சென்டிமீட்டராகச் சுருங்கியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். மீதி நோய் அப்படியே இருக்கிறதா? பெட் ஸ்கேன் அவசியமா?
– ஒரு வாசகி, முக்கூடல்

பதில்: அந்த 4 சென்டிமீட்டரை மட்டும் வைத்து நோய் மிஞ்சியிருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது, அம்மா. ஹாட்ஜ்கின் கட்டியில் புற்றுச் செல்கள் மிகச் சிறு பங்குதான். மற்றதெல்லாம் அவற்றைச் சூழ்ந்து திரண்ட அழற்சிச் செல்களும் நார்த்திசுவும். மருந்தால் புற்றுச் செல்கள் அழிந்த பிறகும் அந்த நார்த்திசு தழும்பாகப் பலருக்குத் தங்கிவிடுகிறது. சி.டி. ஸ்கேன் அளவையும் வடிவத்தையும் காட்டுமே தவிர, தழும்பையும் உயிருள்ள கட்டியையும் பிரித்துக் காட்டாது. நுரையீரல் புற்றில் கட்டிகளின் நீள அளவு 30 சதவீதம் குறைந்தால் சிகிச்சைக்கு ஓரளவே பலன் என்று கணக்கிடுவதை இங்கே அப்படியே பொருத்தக் கூடாது.

ஆகவே பெட் ஸ்கேன் அவசியம் என்பதே என் கருத்து. கதிர்வீச்சு சேர்த்த குளுக்கோஸை உடலில் செலுத்தி, அதைக் கட்டி எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதைக் கல்லீரலோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுவார்கள். டோவில் அளவுகோல் எனப்படும் இதில் 3 வரை வந்தால், கட்டி கண்ணுக்குத் தெரிந்தாலும், பெரும்பாலும் நோய் முழுமையாக அடங்கியதாகவே கொள்வார்கள்.

கடைசி கீமோவுக்கு மறுவாரமே எடுத்துவிட அவசரப்படாதீர்கள். குறைந்தது 3 வாரம், முடிந்தால் 6 முதல் 8 வாரம் பொறுத்திருப்பது நல்லது. இல்லையென்றால் சிகிச்சையின் தாக்கமே படத்தைக் குழப்பிவிடும். இளவயதினருக்கு வேறொரு குழப்பமும் உண்டு. கீமோவில் சுருங்கிய தைமஸ் சுரப்பி சில மாதங்களில் மீண்டும் வளர்ந்து, மார்பெலும்புக்குப் பின்னால் பெட் படத்தில் முக்கோண வடிவில் ஒளிர்வதைக் கட்டி திரும்பிவிட்டதாக எண்ணிக் கலங்குவோர் இருக்கிறார்கள். நம் பகுதியில் காணப்படும் காசநோயும் அப்படியே ஒளிரும். இவற்றைப் பிரித்தறியச் சிகிச்சைக்கு முன் எடுத்த படங்கள் வேண்டும். அறிக்கையை மட்டுமல்ல, பழைய ஃபிலிம், படங்கள் பதிந்த குறுந்தகடு எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

பரிசோதனைக்கு முன் 6 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. விடியற்காலை பஸ்ஸில் வந்து, திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் சர்க்கரை போட்ட ஒரு காபி குடித்தாலும் ஸ்கேன் தள்ளிப்போகக்கூடும். செலுத்தும் மருந்தின் கதிர்வீச்சு 110 நிமிடத்தில் பாதியாகிவிடும் என்பதால், சொன்ன நேரத்துக்கு முன்பே போய்ச் சேருங்கள்.

மதிப்பெண் 4 அல்லது 5 என்று வந்தால், சிகிச்சையை மாற்றுவதற்கு முன் அந்த இடத்தில் திசு எடுத்துப் பார்க்க முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.