கதைக்களத்தை ஐம்புலன்களால் எழுதப் பழக்குதல்: கேள்வி பதில்

கேள்வி: 7 வயது மகள் "காடு மிகவும் அழகாக இருந்தது" என்று எழுதியதும் நிறுத்திவிடுகிறாள். எப்படித் தொடரச் செய்வது?

பதில்: முதலில் பேச விடுங்கள். இந்த வயதில் எழுத்துகளை வடிவாக எழுதுவதிலும் பிழையின்றி எழுதுவதிலுமே கவனத்தின் பெரும்பகுதி செலவாகிவிடுவதால், வாய்மொழியாகப் பல வாக்கியங்கள் சொல்லக்கூடிய குழந்தை தாளில் ஒன்றோடு ஓய்ந்துவிடுகிறது. கண்களை மூடி அந்தக் காட்டில் நிற்பதாக எண்ணச் சொல்லி, "காலடியில் என்ன இருக்கிறது? நடந்தால் என்ன ஓசை கேட்கிறது?" என்று கேளுங்கள். "சருகு நொறுங்குகிறது" என்றால், அவள் சொல்லை மாற்றாமல் குறித்துக் கொடுங்கள். கண்ணுக்குரிய கேள்வியைக் கடைசியில் வையுங்கள்; நிறத்தையும் அளவையும் குழந்தைகள் கேட்காமலே சொல்லிவிடுவார்கள். பொழுதையும் விட்டுவிடாதீர்கள். நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே நம் இலக்கணம் முதற்பொருள் என்கிறது. விடியற்பனியில் நனைந்து ஓசையின்றிக் கிடக்கும் சருகுதான் நண்பகலில் நொறுங்குகிறது.

கேள்வி: ஒவ்வொரு புலனுக்கும் ஒரு வாக்கியம் எழுதச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். சுவைக்கு இடமில்லாத காட்சியில் சுவையைத் திணித்தால், குழந்தை கதையை விட்டுவிட்டுக் கட்டங்களை நிரப்பத் தொடங்கிவிடும். பொருத்தமான இரண்டு புலன்கள் போதும்.

கேள்வி: ஐம்புலன் அட்டவணையை எப்படித் தயாரிப்பது?

பதில்: மேலே சொன்ன காரணத்தால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: வர்ணனைச் சொற்களை மனப்பாடம் செய்ய வைக்கலாமா?

பதில்: கூடாது. அப்படிப் பழகிய குழந்தையின் எல்லாக் கதைகளிலும் ஒரே தென்றல்தான் வீசும், கதைமாந்தர் பயந்து ஓடும் இடத்திலும்கூட.

மற்றொருவர்: இதை ஏற்க முடியவில்லை. சொல்லே தெரியாத குழந்தை எதைக்கொண்டு வர்ணிக்கும்?

பதில்: சொல் வேண்டும் என்பதில் நமக்குள் வேறுபாடில்லை, எது முந்த வேண்டும் என்பதில்தான் வேறுபடுகிறோம். ஒரு துணிப்பைக்குள் கூழாங்கல், பஞ்சு, மரப்பட்டை ஆகியவற்றைப் போட்டு, பார்க்காமல் தொட்டுச் சொல்லச் செய்யுங்கள். விரல் உணர்ந்ததற்குச் சொல் கிடைக்காமல் குழந்தை தேடும்போது "சொரசொரப்பு" என்று நீங்கள் எடுத்துக் கொடுத்தால், அந்தச் சொல் மனத்தில் தங்கிவிடும்.

அவரே மீண்டும்: வகுப்பில் 40 பேர் இருந்தால்?

பதில்: பைகளைக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுங்கள். குழந்தைகள் சொல்லும் சொற்களைக் கரும்பலகையில் எழுதி வையுங்கள். அந்தப் பட்டியலுக்கு நான் எதிரியல்லன், ஏனெனில் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் அவர்கள் தொட்டறிந்த ஒரு பொருள் இருக்கிறது.

கேள்வி: பிறவியிலேயே பார்வையற்ற மாணவனுக்கு எப்படிக் கற்பிப்பது?

பதில்: நிறங்களை இட்டுக்கட்டச் சொல்லாதீர்கள். எதிரொலியால் அறையின் அளவும், முகத்தில் படும் வெப்பத்தால் சன்னலின் திசையும் அவனுக்குத் தெரியலாம், அவற்றை எழுதட்டும். மற்ற குழந்தைகளும் கேட்டுக் கற்கட்டும்.

கேள்வி: மகனுக்குப் பென்சில் பிடிப்பதே சிரமமாக இருக்கிறது.

பதில்: குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை அவன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள்.

கேள்வி: ஐந்து புலன்களும் வந்துவிட்டனவா என்று எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: மூன்றாம் முறையாகச் சொல்கிறேன்: எண்ணாதீர்கள். "இந்த ஓசையைக் கேட்டதும் உன் கதையில் வருபவன் என்ன செய்தான்?" என்று கேளுங்கள், விடையிருந்தால் அந்த வரி நிற்கட்டும்.