சஸ்காச்சுவானில் ஓர் இரவு: வண்டியை ஈஸ்டெண்டுக்குத் திருப்புங்கள்

கேள்வி: ஜூலையில் 25 அடி மோட்டார் ஹோம் (படுக்கையும் சமையலறையும் உள்ள வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து டொராண்டோவிலிருந்து ராக்கி மலையில் இருக்கும் பான்ஃப் போகிறோம். நாங்கள் இருவர், ஏழும் பத்தும் வயதில் இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா. "வின்னிபெக் தாண்டினால் பார்க்க ஒன்றுமே இல்லை, நேராக கல்கரிக்கு ஓட்டிவிடு" என்கிறார்கள் நண்பர்கள். வழியில் ஓர் இரவு வால்மார்ட் வாசலில் படுத்தெழுந்தால் போதாதா?

பதில்: வின்னிபெக்கிலிருந்து கல்கரி 1,300 கிலோமீட்டருக்கு மேல். காரிலேயே அதை ஒரே நாளில் ஓட்டக் கூடாது. பக்கக் காற்றில் பாய்மரம் போல ஆடும் மோட்டார் ஹோமில், வயதானவர்களையும் வைத்துக்கொண்டு, பேச்சே வேண்டாம். வால்மார்ட்டைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கடையில் அனுமதி உண்டா என்று உள்ளே போய்க் கேட்டுவிட்டுத் தங்கலாம். ஆனால் அங்கே கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, இரவெல்லாம் விளக்கு கண்ணைக் குத்தும்.

உங்களுக்கு நான் சொல்வது ஈஸ்டெண்ட். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தின் தென்மேற்கு மூலையில், ஐந்நூறு அறுநூறு பேர் மட்டும் வாழும் ஊர். டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையில் ஸ்விஃப்ட் கரன்ட் தாண்டியதும் கல் லேக் வரும். அங்கிருந்து 37-ஆம் சாலையில் தெற்கே ஷானவன், பிறகு 13-ஆம் சாலையில் மேற்கே ஈஸ்டெண்ட். நெடுஞ்சாலையை விட்டு சுமார் 100 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் சுற்றுவதற்கு அங்கே என்ன இருக்கிறது?

டைனோசர் இருக்கிறது. 1991 ஆகஸ்டில், ராபர்ட் கெப்ஹார்ட் என்ற உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர், எலும்புகளை எப்படித் தேடுகிறார்கள் என்று பார்க்க அருங்காட்சியக ஆய்வாளர்களோடு ஃப்ரெஞ்ச்மேன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போனார். போன இடத்தில் அவர் கண்ணில் பட்டது ஒரு வால் எலும்பும் ஒரு பல்லும். டைரனோசரஸ் ரெக்ஸ், சுருக்கமாக டி-ரெக்ஸ்! கண்டுபிடித்ததைக் கொண்டாட அன்று அவர்கள் திறந்தது ஸ்காட்ச் பாட்டில். அதனால் அதற்கு "ஸ்காட்டி" என்று பெயர் வந்தது. (பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியை எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு.) பாறை இரும்பு போல இறுகியிருந்ததால் எலும்புகளைப் பிரித்தெடுக்கப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது. 2019-இல் வந்த ஆய்வு, ஸ்காட்டி உயிரோடு இருந்தபோது சுமார் 8,800 கிலோ இருந்திருக்கும் என்று கணக்கிட்டது. அதுவரை கிடைத்திருந்த டி-ரெக்ஸ்களில் அதுவே மிகப் பெரியது. தொடையெலும்பின் சுற்றளவை அளந்து போட்ட கணக்கு அது. அத்தனை பாரத்தையும் தாங்கியது அந்தக் கால்தானே.

ஊருக்கு மேலே குன்றுச் சரிவில் இருக்கும் டி-ரெக்ஸ் டிஸ்கவரி சென்டர் என்ற மியூசியத்தில் ஸ்காட்டியின் முழு உருவம் நிற்கிறது. அது நிஜ எலும்பிலிருந்து எடுத்த அச்சு. போலி என்று பிள்ளைகள் முகம் சுளித்தால் இன்னொரு கதை சொல்லுங்கள். இந்த ஊருக்குப் பக்கத்திலேயே டி-ரெக்ஸ் போட்டதாகக் கருதப்படும் சாணம் ஒன்றும் கல்லாகிக் கிடைத்தது. 44 சென்டிமீட்டர் நீளம். உள்ளே நொறுங்கிய எலும்புத் துண்டுகள். டி-ரெக்ஸ் இரையை எலும்போடு நொறுக்கித் தின்றது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? 1998-இல் இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஏழு வயதுப் பிள்ளைக்கு மலைகளைவிட இதுதான் மனதில் நிற்கும், பந்தயம் கட்டுகிறேன்.

பெரியவர்களுக்கு அந்தப் பள்ளத்தாக்கே போதும். மணிக்கணக்காகத் தட்டையான வயல்களில் ஓட்டிக்கொண்டு வந்தபின், ஈஸ்டெண்டை நெருங்கும்போது தரை திடீரென்று உள்வாங்கி இறங்கும். வெளிறிய களிமண் அடுக்குகள் சரிவுகளில் தெரியும். அந்த வெள்ளைக் களிமண்ணை ஒரு காலத்தில் பக்கத்து மாகாணமான அல்பெர்ட்டாவின் மெடிசின் ஹாட் நகர மட்பாண்டத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பினார்கள். கீழே ஓடும் சிற்றாறு இந்தப் பகுதியின் பெரும்பாலான ஆறுகள் போல ஹட்சன் விரிகுடா பக்கம் போவதில்லை. மில்க், மிசௌரி, மிசிசிப்பி என்று கைமாறி மெக்ஸிகோ வளைகுடாவுக்குப் போகிறது. ஊருக்குள் எழுத்தாளர் வாலஸ் ஸ்டெக்னர் சிறுவனாக வாழ்ந்த வீடும் இருக்கிறது. இப்போது கலைஞர்கள் வந்து தங்கி வேலை செய்யும் இடம் அது. வெளியில் நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

சரி, வண்டி விஷயத்துக்கு வருகிறேன். ஊரிலேயே முகாம் இடம் உண்டு. கிளம்பும் முன் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள்: மின் இணைப்பு 30 ஆம்பா 15 ஆம்பா, குடிநீர் நிரப்ப முடியுமா, சானி-டம்ப் (வண்டியின் கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் இடம்) எங்கே இருக்கிறது. சின்ன ஊர்களில் கவரில் காசு வைத்து இரும்புப் பெட்டியில் போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது, சில்லறை நோட்டு கையில் இருக்கட்டும்.

இந்த ஆம்ப் கணக்கில்தான் நம் குடும்பங்கள் மாட்டிக்கொள்ளும். 30 ஆம்ப் என்றால் சுமார் 3,600 வாட். ஏசி ஏறக்குறைய 1,500 வாட்டை விழுங்கும். மின் கெட்டிலும் கிட்டத்தட்ட அதே அளவு. ஏசி ஓட, அம்மா காபிக்குக் கெட்டிலைப் போட, நீங்கள் ரைஸ் குக்கரைத் தட்டிவிட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். 15 ஆம்ப் இணைப்பில் ஏசி ஓடும்போது வேறெதையும் தொடாதீர்கள். சமையலைக் காஸ் அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் கூரை விசிறியைப் போட்டு ஜன்னலைத் திறங்கள், இல்லையென்றால் மிளகாய் தாளித்த மறுநொடி புகை அலாரம் முகாமையே எழுப்பிவிடும்.

வெயிலுக்கு விரிக்கும் ஆனிங்கைத் தூங்கப் போகும் முன் கண்டிப்பாகச் சுருட்டிவிடுங்கள். பிரெய்ரி என்கிற இந்தப் புல்வெளிச் சமவெளியில் காற்று சொல்லிவிட்டு வராது. "இலைகூட அசையவில்லையே" என்று ஒரு ராத்திரி நான் விட்டுவைத்தேன். விடியும்போது அதன் ஒரு கை மடங்கித் தொங்கியது.

மழை பெய்தால் தார்ச் சாலையை விட்டு இறங்காதீர்கள். இந்தப் பக்கத்து மண்ணில் பெண்டோனைட் களி அதிகம். ஈரம் பட்டால் சோப்பு மாதிரி வழுக்கும், அப்புறம் பசை மாதிரி ஒட்டும். உள்ளூர்க்காரர்கள் இதை கம்போ என்பார்கள். நான் ஒருமுறை இறங்கி இருபது அடி நடந்தேன், செருப்பு ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம் ஆகிவிட்டது. ஜோன்ஸ் பீக் என்ற உச்சியிலிருந்து பள்ளத்தாக்கு முழுதும் தெரியும்தான். ஆனாலும் மோட்டார் ஹோமோடு அங்கே போக வேண்டாம். பல வாடகை ஒப்பந்தங்களில் கிராவல் சாலைக்குத் தடையே இருக்கும். கையெழுத்துப் போடும்போது படித்துக்கொள்ளுங்கள். போன் மேப் குறுக்குவழி காட்டினாலும் நம்பாமல் திரும்பும்போதும் வந்த வழியே கல் லேக்குக்குப் போய்விடுங்கள். டாங்க் பாதிக்குக் கீழே இறங்கும் முன் பெட்ரோல் போட்டுவிடுங்கள்.

கடைசியாகக் கடிகாரம். சஸ்காச்சுவானின் பெரும்பகுதி கோடையில் நேரத்தை மாற்றுவதில்லை. மானிடோபாவிலிருந்து நுழையும்போது ஒரு மணி நேரம் பின்னால் வைக்க வேண்டும். ஆனால் ஜூலையில் அல்பெர்ட்டாவும் அதே நேரம்தான், எல்லையில் மறுபடி மாற்றாதீர்கள். இதைக் கவனித்தால் மியூசியம் மூடும் நேரத்தைத் தவறவிட மாட்டீர்கள். சூரியன் ஒன்பது மணிக்கு மேல்தான் விழும். நட்சத்திரம் பார்க்கப் பதினொன்று ஆகிவிடும், அதனால் பிள்ளைகளை மத்தியானமே வண்டியில் தூங்க வைத்துவிடுங்கள். அப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்து வையுங்கள், ஜூலையானாலும் அந்த நேரத்தில் குளிரும்.