ஏக்கர் மட்டும் போதாது: விவசாயக் குடும்பங்களை வகை பிரிப்பது பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: சார், அரசே குறு, சிறு என்று பிரித்திருக்கிறது. அப்புறம் தனி வகைப்பாடு எதற்கு?

பதில்: ஒரு ஹெக்டேருக்குக் கீழே குறு, இரண்டு வரை சிறு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் பண்ணைகளில் 86 சதவீதம் இந்த இரண்டிலேயே அடங்கிவிட்டன. கிணற்றுப் பாசனத்தில் ஒரு ஏக்கர் மல்லிகை வைத்திருப்பவரும், ஒரு ஏக்கர் மானாவாரியை வைத்துக்கொண்டு மகனைத் திருப்பூருக்கு அனுப்பியவரும் ஒன்றா? 2018-19க்கான தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிர் தந்தது 3,798, கூலியும் சம்பளமும் தந்தது 4,063. நில அளவை மட்டும் பார்த்தால் இந்தக் கூலி கண்ணிலேயே படாது.

கேள்வி: எந்தெந்த விவரங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டும்?

பதில்: பாசனம், கால்நடை, வேலை செய்யும் ஆட்கள், வெளி வருமானத்தின் பங்கு, கடன். நிலத்தைக் கேட்கும்போது பட்டாவோடு நிறுத்தாதீர்கள். குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிர் வைப்பவர் பட்டாவில் இருக்கமாட்டார். சொட்டுநீரை யார் ஏற்கிறார்கள் என்பதுதான் உங்கள் ஆய்வென்றால், சொட்டுநீரை வகை பிரிக்கும் மாறிகளில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்ததாகிவிடும்.

கேள்வி: ஒத்த குடும்பங்களைக் கணினியில் குழுக்களாகச் சேர்க்கும் கிளஸ்டர் போட்டால் ஒரு வகையில் மூன்றே குடும்பங்கள் வருகின்றன. என்ன தவறு?

பதில்: முதலில் அந்த மூன்று படிவங்களையும் எடுத்துப் பாருங்கள். 40 சென்ட் என்பதை 40 ஏக்கர் என்று பதிந்திருக்கலாம். பதிவு சரியென்றால் நில அளவுக்கு மடக்கை (log) எடுங்கள், எல்லா மாறிகளையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் ரூபாயில் இருக்கும் வருமானம் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். மாடு, ஆடு, கோழியைத் தலைக்கணக்காகக் கூட்டாதீர்கள். மாட்டுக்கு 0.7, ஆட்டுக்கு 0.1, கோழிக்கு 0.01 என்று கால்நடை அலகாக மாற்றுவது வழக்கம்.

கேள்வி: 'பாசனம் உண்டு, இல்லை' போன்ற பதில்களை என்ன செய்வது?

பதில்: இரண்டு குடும்பங்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைத்தான் கிளஸ்டரில் 'தூரம்' என்கிறோம். எண்களுக்கான சாதாரணத் தூரக் கணக்கு இதற்குச் சரிவராது. எண்களையும் உண்டு-இல்லை பதில்களையும் சேர்த்தே ஒப்பிடும் கோவர் தூரத்தைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: மொத்தம் எத்தனை வகை?

பதில்: ஒத்த குடும்பங்களைப் படிப்படியாக இணைத்துக்கொண்டே போகும் வார்ட் முறையில் வரும் மரவரைபடத்தில் கிளைகள் நீளமாக இருக்கும் இடத்தில் வெட்டலாம். நான்கா ஐந்தா என்ற சந்தேகம் அப்போதும் இருக்கும். அதைக் கணினி தீர்த்துவைக்காது. ஒவ்வொரு வகையையும் இரண்டு வரியில் எழுதி ஊருக்கு எடுத்துப் போங்கள். "இது யார் வீடு மாதிரி?" என்று கேளுங்கள். யாருமே அடையாளம் சொல்லமுடியாத வகையை நான் நம்பமாட்டேன். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். கறவை மாடும் குழுக்கடனும் பெரும்பாலும் அவர்கள் பொறுப்பில்தான் இருக்கும்.