ஓவியப் பீரியடைக் கணக்குக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் 8ஆம் வகுப்பு படிக்கிறாள். வாரத்துக்கு ஒரே ஒரு ஓவியப் பீரியட்தான். அதையும் இந்த வருஷம் கணக்கு சார் எடுத்துக்கொள்கிறார். கேட்டால், 'படம் வரைவதை வீட்டில் வைத்துக்கொள்ளட்டும்' என்கிறார்கள். போய்க் கேட்பது சரியா?
– ஒரு தாய், நாமக்கல்

பதில்: போய்க் கேளுங்கள். சண்டையாக வேண்டாம், ஆனால் கேட்காமல் விடாதீர்கள். நீங்கள் சலுகை எதுவும் கேட்கவில்லை. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது: 6 முதல் 8 வகுப்பு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் படித்தால் கலைக்கும் உடற்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் பகுதிநேர ஆசிரியர்கள் இருக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை எடுத்துச் சொல்லுங்கள், கூடவே இன்னும் நாலு பெற்றோரைச் சேர்த்துக்கொண்டால் நல்லது.

'வீட்டில் வரையட்டும்' என்கிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டில் பிள்ளை தனக்குத் தெரிந்ததை வரையும், அவ்வளவுதான். மேஜைமேல் ஒரு டம்ளரை வைத்து வரையச் சொல்லிப் பாருங்கள். வாயை முழு வட்டமாகப் போட்டுவிட்டு, அடியை நேர்கோடாக இழுத்துவிடும். வாய் வட்டம் என்பது அதற்குத் தெரியும், டம்ளர் ஆடாமல் நிற்கிறது என்பதும் தெரியும், தெரிந்ததைப் போட்டுவிட்டது. நல்ல ஓவிய ஆசிரியர் அதை ரப்பர் வைத்து அழிக்க மாட்டார். 'குனிந்து, டம்ளர் வாயும் உன் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வரட்டும், இப்போது எப்படித் தெரிகிறது?' என்று கேட்பார். வட்டம் வெறும் கோடாகியிருக்கும். மெதுவாக எழுந்தால் அந்தக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக நீள்வட்டமாக விரியும். அடிப்பக்கம் கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருப்பதால் அதன் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாக வர வேண்டும் என்பதையும் பிள்ளை தானே பார்த்துக் கண்டுபிடிக்கும். அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் குடம், வாளி, சொம்பு ஒன்று விடாமல் குனிந்து பார்க்காத பிள்ளையே கிடையாது! தெரிந்தது வேறு, கண்ணுக்குத் தெரிவது வேறு என்று பிரித்துப் பார்க்க இதைவிட எளிதாகச் சொல்லித்தரும் பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. தையல்காரருக்கும் வேண்டும், தச்சருக்கும் வேண்டும், எக்ஸ்ரேயைப் பார்க்கிற டாக்டருக்கும் வேண்டும். அப்புறம், வாசிக்கச் சொன்னால் திக்கித் திணறி வகுப்பில் தலை குனிகிற பிள்ளை, அந்த ஒரு பீரியடில்தான் யாருக்கும் பயப்படாமல் உட்கார்ந்திருக்கும்.

கணக்கு ஆசிரியரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 2012இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு 16,000 பேருக்கு மேல் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் சம்பளம். பிறகு ஏற்றினார்கள்தான், ஆனாலும் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்த வருஷங்கள் எத்தனை! பாடத்தையே இப்படி ஓரத்தில் வைத்தால், பக்கத்து ஆசிரியருக்கு அது காலிப் பீரியடாகத்தான் படும்.

கேள்வி: ஓவிய வகுப்பில் சேர்த்தால் மூளை வளரும், கணக்கில் மார்க் ஏறும் என்று எங்கள் பகுதியில் நோட்டீஸ் கொடுக்கிறார்கள். உண்மையா?
– ஒரு தந்தை, திருப்பூர்

பதில்: அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் 42 பள்ளிகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பள்ளிகளுக்கு மட்டும் இசை, நாடகம், நடனம், ஓவியம் எல்லாம் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2019இல் முடிவு வெளியானது. ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகிற பிள்ளைகள் குறைந்தார்கள், எழுத்துத் திறனில் மதிப்பெண் கூடியது, அடுத்தவர்மேல் பரிவும் கூடியது. கணக்கில் அப்படி எந்த ஏற்றமும் தெரியவில்லை. மற்றவை போதாதா? எனக்குப் போதும். பையனுக்கு வரையப் பிடித்தால் தாராளமாகச் சேருங்கள்.

கேள்வி: மகன் பிளஸ் டூ. கவின் கலைக் கல்லூரிதான் வேண்டும் என்கிறான். 'சோற்றுக்கு என்ன செய்வான்' என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள்.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்களுக்குப் பக்கத்திலேயே கும்பகோணத்தில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் இருப்பது 1850இல் தொடங்கியது. மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தவர், சினிமாக் கலை இயக்குநர் தோட்டா தரணி அங்கே படித்தவர். சிற்பத்தில் ஆர்வமென்றால் மாமல்லபுரத்திலும் அரசுக் கல்லூரி உண்டு. விளம்பரம், துணி வடிவமைப்பு, அனிமேஷன், சினிமா, ஆசிரியர் வேலை என்று வழிகள் இருக்கின்றன. முதல் சில வருஷம் வருமானம் நிலையாக இருக்காது, அதை மறைக்காமல் இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். சேர்க்கைக்கு வரைந்து காட்ட வேண்டியிருக்கும். போட்டோவைப் பார்த்து வரைவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, ஒரு ஸ்கெட்ச் நோட்டும் 2பி பென்சிலும் எடுத்துக்கொண்டு காலையில் பூச்சந்தைக்கோ பஸ் ஸ்டாண்டுக்கோ போய், நிற்கிற ஆளையும் நகர்கிற ஆளையும் வரையச் சொல்லுங்கள்.