பம்பில் கசியும் டீசலும் பஞ்சிகாவத்தை அலைச்சலும்

கேள்வி: என்னிடம் இருப்பது 1993ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா, டூ சி டீசல் என்ஜின். ஒரு வருடமாகக் காலையில் ஸ்டார்ட் எடுப்பது பெரும்பாடு, பகலில் பிரச்சினை இல்லை. டீசல் பம்புக்கு மேலே, எக்சிலேட்டர் கேபிள் பிடிக்கும் லீவரைச் சுற்றி எப்போதும் ஈரம். அந்தத் தண்டில் இருக்கிற சின்ன றப்பர் வளையம், அதாவது ஓ ரிங்தான் போய்விட்டது என்று ஒரு பாஸ் (மெக்கானிக்) சொன்னார், இன்னொருவர் பம்பையே மாற்றச் சொல்கிறார். ஓ ரிங்கைத் தேடி கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் இரண்டு சனிக்கிழமை அலைந்துவிட்டேன். "தனியா வராது, பம்பாத்தான் வரும்" என்கிறார்கள். என்ன செய்வது?
- வெள்ளவத்தை வாசகர்

பதில்: முதலாவது பாஸ் சொன்னதுதான் சரியாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது. என்ஜின் ஓடும்போது பம்புக்குள் அழுத்தம் இருப்பதால் அந்தத் தண்டு வழியாக டீசல் வெளியே கசியும். நிறுத்திவிட்டால் அழுத்தம் இறங்கி, அதே ஓட்டையால் காற்று உள்ளே போகும், டீசல் மெல்ல டாங்கிப் பக்கம் திரும்பிவிடும். இரவு முழுக்க இது நடந்தால் காலையில் பம்புக்குள் பாதி காற்றுத்தான். பகலில் அரை மணி நேரம் நிறுத்தினால் அவ்வளவு காற்று ஏறாது, அதனால்தான் உங்களுக்குப் பகலில் தெரியவில்லை.

ஆனால் ஓ ரிங் வாங்க ஓடுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. ஃபில்டரிலிருந்து பம்புக்கு வரும் குழாயில் ஒரு சாண் கண்ணாடி போன்ற டியூபைத் தற்காலிகமாக மாட்டி, என்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். அதில் குமிழி வந்தால் காற்று பம்புக்கு முன்னாலேயே ஏறுகிறது, பெரும்பாலும் ஃபில்டருக்கு மேலே இருக்கிற கைப்பம்பின் சீல், இல்லாவிட்டால் வெடித்த றப்பர் குழாய். அங்கே வெளியே ஈரம் தெரியாது, ஏனென்றால் அந்தப் பக்கம் டீசலை உறிஞ்சும் பக்கம். இதைப் பார்க்காமல் பம்பைக் கழற்றிக் காசை விட்டவர்கள் நிறையப் பேர்.

சரி, ஓ ரிங்தான் என்று முடிவானால், "கொரோலா பம்புக்கு ஓ ரிங்" என்று கடையில் கேட்காதீர்கள், அப்படிக் கேட்டால் "வராது" என்ற பதில்தான் வரும். இதெல்லாம் காருக்கென்று தனியாகச் செய்த சாமான் இல்லை, அளவுக்குச் செய்த சாமான். உள்விட்டம் எத்தனை, வளையத்தின் தடிப்பு எத்தனை, என்ன றப்பர், இந்த மூன்றும் தெரிந்தால் போதும். பழைய ஓ ரிங்கை அளந்து ஏமாறவும் வேண்டாம், முப்பது வருடம் டீசலில் ஊறியது ஒன்றில் உப்பியிருக்கும் அல்லது சப்பையாகியிருக்கும். தண்டையும் அது உட்காரும் பள்ளத்தையும் வேர்னியரால் அளவெடுங்கள்.

தடிப்பில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஜப்பான் அளவில் பி-10 என்று ஒரு ஓ ரிங் உண்டு, உள்விட்டம் 9.8 மில்லிமீற்றர், தடிப்பு 1.9. கடைகளில் பெட்டியாக விற்கும் கலவை ஓ ரிங் பல அமெரிக்க அங்குல அளவில் செய்தவை, அதில் பக்கத்து அளவின் தடிப்பு 1.78. பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், போட்டால் ஒன்று பிடிக்கும், மற்றது கசியும்.

றப்பர் விஷயத்தில் நானே ஒரு தடவை வாங்கிக்கட்டிக்கொண்டேன். அவசரத்தில் ஹாட்வெயார் கடையில் தண்ணீர்க் குழாய்க்கான ஓ ரிங் ஒன்றை, அளவு சரியாக இருக்கிறதே என்று போட்டேன். மூன்று வாரத்தில் அது உப்பிப் பள்ளத்தைவிட்டு வெளியே எட்டிப் பார்த்தது. டீசலுக்கு நைட்ரைல் என்ற றப்பர் போதும், ஆனால் 100 பாகை செல்சியஸ் சூட்டைத் தாண்டினால் அது கல்லாகத் தொடங்கும். விட்டன் என்ற றப்பர் 200 பாகை வரை தாங்கும். விலை கூடத்தான், ஆனாலும் பம்பைத் திறக்கிற கூலியோடு பார்த்தால் அது ஒரு பிளேன்டீக் காசு மாதிரி, அதனால் விட்டனே கேளுங்கள். நிறத்தைப் பார்த்து நம்ப வேண்டாம், விட்டன் கபிலத்திலும் வரும், பச்சையிலும் வரும், கறுப்பிலும் வரும். சந்தேகமென்றால் இரண்டு வாங்கி ஒன்றை ஜாம் போத்தலில் டீசல் ஊற்றி நாலு நாள் போட்டு வையுங்கள். உப்பினால் அது டீசலுக்கான றப்பரே இல்லை, காசைத் திருப்பிக் கேளுங்கள்.

பாக இலக்கத்தோடு தேடுவதாக இருந்தால், டொயோட்டாவில் 90301 என்று தொடங்குவது ஓ ரிங், 90311 என்று தொடங்குவது ஒயில் சீல். ஆனால் பம்புக்கு உள்ளே இருப்பவை பம்ப் செய்தவரின் இலக்கத்தில் முழு சீல் கிட்டாக வரும். பம்பின் பக்கத்தில் அறைந்திருக்கிற தகட்டைத் துடைத்து ஃபோனில் படம் எடுத்து, பஞ்சிகாவத்தை சாமான் கடைக்கு அல்ல, டீசல் பம்ப் திருத்துகிற இடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர்களின் லாச்சியில் இந்தக் கிட் கிடக்கும். (போயா நாளில் போய் மூன்றாவது சனிக்கிழமையையும் வீணாக்காதீர்கள்.)

ஒரே ஒரு எச்சரிக்கை. லீவரைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், தண்டு பக்கவாட்டில் கடகடவென்று ஆடினால் தண்டைத் தாங்கும் உறை (புஷ்) தேய்ந்துவிட்டது, புது ஓ ரிங் சில மாதம்கூட நிற்காது. அப்புறம், மேல் மூடிக்குள் என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்பிரிங் மாட்டியிருக்கிறது, அதைத் தவறாக மாட்டினால் என்ஜின் கட்டுப்பாடில்லாமல் சீறும். ஆகவே தெரிந்த கையிடம் கொடுங்கள். லீவர் தண்டில் எந்தப் பல்லில் உட்கார்ந்திருந்தது என்று கழற்ற முன்பே கோடு போடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஓ ரிங் கிடைக்காவிட்டால் சிலிக்கன் பசை தடவி ஒப்பேற்றலாமா?
- கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: வேண்டவே வேண்டாம். சாதாரண சிலிக்கன் டீசலில் ஊறிப் பிய்ந்துவரும். அந்தத் துண்டுகள் பம்புக்குள் போனால் ஓ ரிங் தேடிய அலைச்சல் போய் பம்ப் தேடுகிற அலைச்சல் தொடங்கும்.

கேள்வி: கிராங் தண்டின் முன் ஒயில் சீலை மாற்றி ஒரு மாதம் ஆகவில்லை, மறுபடியும் ஒயில். கடைக்காரர் போலியைத் தந்துவிட்டாரா?
- தெஹிவளை வாசகர்

பதில்: இருக்கலாம், ஆனால் கடைக்காரரோடு சண்டைக்குப் போக முன் தண்டில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பழைய சீலின் உதடு வருடக்கணக்காக உரசி அங்கே ஒரு கோடு வெட்டியிருக்கும், நகம் அதில் தட்டினால் எந்த ஒரிஜினல் சீலும் அங்கே பிடிக்காது. புதுச் சீலை ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தள்ளி இறக்கினால் உதடு தேயாத இடத்தில் ஓடும். ஸ்பிரிங் இருக்கும் பக்கம் ஒயிலைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும், அதையும் பாஸிடம் கேளுங்கள். கோடும் இல்லை, திசையும் சரி என்றால் என்ஜின் மூச்சுவிடும் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், உள்ளே காற்றழுத்தம் கூடினால் நல்ல சீலையும் தள்ளிக்கொண்டு ஒயில் வரும். எதுவானாலும் கெதியாகச் செய்யுங்கள், டைமிங் பெல்ட் உள்ள என்ஜின் என்றால் அந்த ஒயில் பெல்ட்டில்தான் போய் விழுகிறது.