வாள் சண்டை பார்க்க வயது வரம்பு உண்டா?

கேள்வி:

எனக்கு 43 வயது. வங்கியில் வேலை. ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு ஓ.டி.டி.யில் ஏதாவது பார்ப்பது வழக்கம். சமீபத்தில் 'ரெனிகேட் நெல்' என்ற ஆங்கிலத் தொடரில் மாட்டிக்கொண்டேன். 1705-ல் இங்கிலாந்து. போரில் கணவனை இழந்து ஊர் திரும்பும் நெல் என்ற பெண் மீது செய்யாத கொலைக்குப் பழி விழுகிறது. தங்கைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு தப்பி ஓடி, வழிப்பறிக்காரி ஆகிறாள். ஆபத்து வந்தால் ஒரு குட்டி ஆவி அவளுக்குள் புகுந்து அசுர பலம் தருகிறது. என் கணவர் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இது விட்டலாச்சார்யா படம்", "அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் கிடையாது" என்று குறுக்கே பேசிக்கொண்டே இருக்கிறார். "பாப்பாவுக்கு வரலாறு தெரியும், இங்கிலீஷ் வரும், தைரியம் வரும்" என்று நான் சமாளித்தேன். எட்டாவது படிக்கும் மகளோ, "அப்பா எல்லாம் பொய்னு சொல்றார், அப்புறம் ஏம்மா பார்க்கிறே?" என்கிறாள். எனக்குப் பதில் வரவில்லை. இந்த வயதில் இது பைத்தியக்காரத்தனமா? தொடரும் எட்டு எபிசோடோடு நின்றுவிட்டது. அடுத்து என்ன பார்ப்பது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்:

மகள் கேட்டதற்குப் பதில் சுலபம். "எனக்குப் பிடிச்சிருக்கு, பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். கூடவே எந்தக் காரணத்தையும் சேர்க்காதீர்கள். நீங்கள் சேர்த்த காரணங்கள்தான் உங்களை மாட்டிவிட்டிருக்கின்றன.

வரலாறு தெரியும் என்றீர்கள். எதிரில் இருப்பவர் வரலாற்று வாத்தியார். அந்த ஆட்டத்தில் அவர்தான் ஜெயிப்பார். இங்கிலீஷ் வரும் என்றீர்கள். நெல் பேசுவது அந்தக் காலத்து சத்திரத்துப் பேச்சு, நடுநடுவே வசவு வேறு. அதை உங்கள் மகள் பரீட்சையில் எழுதினால் பள்ளியிலிருந்து உங்களைத்தான் கூப்பிடுவார்கள். தைரியம் வரும் என்பது இன்னும் சிக்கல், ஏனென்றால் நெல்லின் பலத்தில் பெரும்பங்கு ஆவி கொடுத்தது. ஆக, மூன்று காரணமும் நிற்கவில்லை. நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் கணவர் கிரிக்கெட் பார்க்கும்போது, "பந்து சுழல்வதில் இயற்பியல் இருக்கிறது, அதற்காகப் பார்க்கிறேன்" என்றா சொல்கிறார்? நாளெல்லாம் கவுன்டரில் வரிசையைச் சமாளித்துவிட்டு வரும் ஒரு பெண், படுக்கப்போகும் முன் குதிரையும் கத்தியும் பார்க்கிறார். இதில் விளக்கம் சொல்ல என்ன இருக்கிறது?

பெண்கள் ஒரு கதையை ரசித்தால் மட்டும் அது யாருக்காவது பாடம் சொல்லித்தர வேண்டும் என்று ஒரு எதிர்பார்ப்பு இருக்கிறது. நீங்களே உங்கள் மீது அதைப் போட்டுக்கொண்டுவிட்டீர்கள். குறிப்பாக, "பெண் சக்தி" என்று பேச ஆரம்பித்தீர்களானால் தொடரின் பாதி ருசி போய்விடும். நெல் யாருக்கும் முன்மாதிரி இல்லை. வாய்த்துடுக்கு, முன்கோபம், யோசிக்காமல் இறங்கும் குணம். பார்க்கப் பிடிப்பதே அதனால்தான்.

எனக்கும் அந்தத் தொடர் பிடிக்கும். ஏன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். முதல் எபிசோடிலேயே வழிப்பறிக்காரர்களை அவள் புரட்டி எடுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். அடித்து முடித்த பிறகு, நெல்லாக நடிக்கும் லூயிசா ஹார்லண்டின் முகத்தில் வெற்றிப் பெருமிதம் இல்லை. "இப்போ என்ன நடந்துச்சு?" என்கிற திகைப்புதான். நமக்கு என்ன ஆச்சரியமோ அதே ஆச்சரியம் அவளுக்கும். வீராவேசமாக வசனம் பேசும் நாயகர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, தன் பலத்தைத் தானே நம்பாத ஒரு சண்டைக்காரியைப் பார்ப்பது புதுசு. ஆவி எப்போதும் வந்துவிடுவதும் இல்லை. அது வராத நேரத்தில் அவளும் எல்லோரையும் போல அடி வாங்குகிறாள். ஒவ்வொரு சண்டையிலும் நமக்கு அந்தப் பதைப்பு இருந்துகொண்டே இருக்கிறது. இதை எழுதியவர் சாலி வெய்ன்ரைட். யார்க்‌ஷயர் பின்னணியில் கனமான போலீஸ் கதை எழுதிப் பேர் வாங்கியவர். அப்படிப்பட்டவருக்கே குட்டி ஆவியும் முகமூடியும் எழுத ஆசை வந்திருக்கும்போது, பார்க்கிற நமக்கு என்ன கூச்சம்?

அப்புறம் அந்த வாள். நிஜ வழிப்பறிக்காரர்கள் பெரிதும் நம்பியது கைத்துப்பாக்கியைத்தான். ஒரு தடவை சுட்டால் மறுபடி மருந்து கெட்டிக்க வேண்டும், ஆனால் வண்டியை நிறுத்த ஒரு குண்டின் பயமே போதும். கதைக்கு அது உதவாது. சுட்டால் சண்டை அதோடு முடிந்தது. வாள் என்றால் எதிராளியின் மூச்சு படும் தூரத்தில் நிற்க வேண்டும், மேஜை மேல் ஏற வேண்டும், படிக்கட்டில் பின்வாங்க வேண்டும், நடுவில் நாலு வார்த்தை நக்கலும் பேசலாம். கத்திச்சண்டை என்பது பாதி உரையாடல். நம் பழைய ராஜா ராணிப் படங்களில் எம்.ஜி.ஆர். சிரித்துக்கொண்டே வாள் வீசுவாரே, அந்தச் சிரிப்புக்காகத்தானே கொட்டகையில் விசில் அடித்தார்கள்? உங்கள் கணவரும் டி.வி.யில் அந்தப் படங்கள் வந்தால் சேனலை மாற்றுகிறாரா என்று ஒருமுறை கவனியுங்கள். விட்டலாச்சார்யா படம் என்று அவர் சொன்னதை நான் வசவாக எடுத்துக்கொள்ளவில்லை. மந்திரக்காட்சி வந்ததும் நாற்காலி நுனிக்கு வந்தவர்கள்தானே நாமெல்லாம்.

இனி வாத்தியாருக்குக் கொஞ்சம். இதை உங்கள் கட்சிக்கு ஆதாரமாகச் சொல்லவில்லை; அவருக்குச் சுவாரசியமாக இருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கதை நடக்கும் காலம் ராணி ஆன் ஆட்சி, 1702 முதல் 1714 வரை. 17 முறை கருவுற்றும் அவருக்கு ஒரு பிள்ளைகூடத் தங்கவில்லை. பிழைத்திருந்த ஒரே மகனும் 1700-ல், 11 வயதில் இறந்துபோனான். ராணியின் மாற்றாந்தாய்க்குப் பிறந்த தம்பியான ஜேம்ஸ், பிரான்ஸில் அடைக்கலமாக இருந்துகொண்டு அரியணைக்கு உரிமை கொண்டாடினார். ராணியைக் கவிழ்த்துவிட்டு ஜேம்ஸைக் கொண்டுவரத் தொடரில் சதி நடக்கிறதே, அந்தப் பயம் நிஜமானது. 1708-ல் பிரெஞ்சுக் கப்பல்களோடு ஜேம்ஸ் ஸ்காட்லாந்துக் கரை வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

மாய மந்திரமெல்லாம் புளுகு என்கிறாரா? புளுகுதான். ஆனால் 1705-ல் இங்கிலாந்துச் சட்டத்துக்கு அது புளுகு இல்லை. சூனியம் வைப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1736 வரை அங்கே உயிரோடு இருந்தது. 1712-ல் ஹர்ட்ஃபர்ட் நகரில் ஜேன் வென்ஹம் என்ற கிழவிக்குச் சூனியக்காரி என்று மரண தண்டனையே விதித்தார்கள். ராணி ஆன் மன்னித்ததால் தப்பினார். நெல்லுக்குள் புகும் பில்லி பிளைண்டும் எழுத்தாளர் சும்மா இட்ட பெயரில்லை. பழைய ஆங்கில, ஸ்காட்டிஷ் கதைப்பாடல்களில் நல்ல நேரத்தில் வந்து புத்தி சொல்லும் வீட்டு ஆவி அது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது பத்திரிகைக்காரி விஷயம். தொடரில் ஜோலி ரிச்சர்ட்சன் ஒரு செய்தித்தாள் சீமாட்டியாக வந்து நெல்லைப் பற்றிக் கன்னாபின்னாவென்று எழுத வைக்கிறார். 1705-ல் ஒரு பெண் பத்திரிகை நடத்துவதா, சும்மா அளக்கிறார்கள் என்று தோன்றும். அளக்கவில்லை. இங்கிலாந்தின் முதல் நாளிதழான 'டெய்லி கூரன்ட்' வெளிவந்தது 1702 மார்ச் 11-ல். ராணி ஆன் பட்டத்துக்கு வந்து அப்போது மூன்றே நாள். வெளியிட்டவர் எலிசபெத் மாலெட் என்ற பெண். ஃப்ளீட் பாலத்துப் பக்கம், ஒரு சத்திரத்துக்கு அடுத்த கடை. ஒற்றைத் தாள், இரண்டு பத்தி, பெரும்பாலும் வெளிநாட்டுச் செய்தி. செய்தியை மட்டும் தருவேன், கருத்துச் சொல்ல மாட்டேன், யோசிக்கும் புத்தி வாசகர்களுக்கே இருக்கிறது என்று அதில் அறிவித்திருந்தார். அடுத்த சில வாரங்களில் அது வேறொருவர் கைக்குப் போய்விட்டது. தொடரின் சீமாட்டிக்கு நேர் எதிரான ஆள் எலிசபெத். எனக்கென்னவோ இந்த எலிசபெத்தை வைத்தே தனியாக ஒரு தொடர் எடுக்கலாம் என்று தோன்றும்.

படையில் சேர்ந்த பெண்ணும் உண்டு. கிறிஸ்டியன் டேவிஸ் என்ற அயர்லாந்துக்காரி, காணாமல்போன கணவனைத் தேடி ஆண் வேடத்தில் ராணுவத்தில் சேர்ந்தார். 1706-ல் ராமியீ போரில் காயம்பட்டு வைத்தியரிடம் போனபோதுதான் குட்டு உடைந்தது. கடைசிக் காலத்தில் அவருக்கு ஓய்வூதியமும் கிடைத்தது. அவர் பெயரில் வந்த சுயசரிதையில் மசாலா தூக்கல் என்பது வேறு கதை.

உங்கள் கணவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. தொடரில் வழிப்பறி ஜாலியாக இருக்கிறது. நிஜத்தில் வழிப்பறிக்காரனைப் பிடித்து, அவனுக்குத் தண்டனையும் வாங்கிக் கொடுத்தால் 40 பவுண்டு சன்மானம் என்று 1690-களிலேயே சட்டம் போட்டிருந்தார்கள். அவனுடைய குதிரையும் ஆயுதமும் பிடித்தவனுக்கு. அந்தப் பணத்துக்காகவே ஆள் பிடித்துக் கொடுப்பது ஒரு பிழைப்பாகி, அப்பாவிகளும் தூக்கில் தொங்கினார்கள். பயணிகளுக்கும் அது ஒன்றும் சாகசமாக இருந்திருக்காது.

இவ்வளவு விஷயம் அவர் தலைக்குள் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்தபடி வாயை மூடிக்கொண்டிருப்பது கஷ்டம்தான். ஆனால் உங்களுக்கு எரிச்சல் வருவது அவர் சொல்லும் விஷயத்தால் இல்லை, சொல்லும் நேரத்தால் என்று நினைக்கிறேன். வில்லன் வாளை உருவும்போது, "அந்தக் காலத்தில் இந்தத் துணியே கிடையாது" என்று ஒருவர் ஆரம்பித்தால் யாருக்குத்தான் கடுப்பு வராது? அதனால் வீட்டில் ஒரே ஒரு சட்டம் போடுங்கள். ஓடும்போது யாரும் பேசக்கூடாது. முடிந்ததும் பத்து நிமிடம் முழுக்க அவருக்கு. எது நிஜம், எது கட்டியது என்று மகள் கேட்கட்டும், அவர் சொல்லட்டும். வரலாற்றுப் பாடம் நடத்தும் வேலையை நீங்கள் உங்கள் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டதுதான் வம்பு. அதை உரியவரிடம் திருப்பிக் கொடுங்கள், சந்தோஷமாகச் செய்வார். அப்படியும் நடுவில் பேசினால், ஹெட்போன் மாட்டிக்கொள்வதில் தப்பே இல்லை.

மகளோடு பார்ப்பதானால் ஒரு எச்சரிக்கை. கொலை, தூக்கு பயம், ரத்தம், பில்லிசூனியம், வசவு எல்லாம் உண்டு. எட்டாவது படிக்கும் பெண் பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம், ஆனால் தனியாக வேண்டாம். நீங்கள் முன்னமே பார்த்துவிட்டதால் எந்த இடத்தில் தண்ணீர் எடுத்துவர எழுந்து போகச் சொல்வது என்பது உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது சீசன் வராது. 2024 மார்ச்சில் வெளியானது, அந்த வருஷமே நிறுத்திவிட்டார்கள். வருத்தம்தான், திட்டியும் பார்த்தாயிற்று.

அடுத்து என்ன என்று கேட்டீர்கள். கொஞ்சம் பின்னால் போக மனசு இருந்தால் 'ஸீனா: வாரியர் பிரின்சஸ்'. 1995 முதல் 2001 வரை வந்தது. நியூசிலாந்தில் எடுத்தார்கள், நாயகி லூசி லாலெஸும் அந்த ஊர்க்காரர்தான். ஆறு சீசன், 134 எபிசோடு, எனவே சட்டென்று தீராது. பழைய தொடர் என்பதால் கிராபிக்ஸைப் பார்த்துச் சிரிப்பு வரும், முதல் சில எபிசோடுகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வட்டமான ஆயுதத்தை அவர் வீசும் விதமும், சண்டைக்கு நடுவே போடும் அந்தக் கூச்சலும் பழகிவிட்டால் விடமாட்டீர்கள். கேப்ரியேல் என்ற தோழியோடு இருக்கும் சிநேகம்தான் அந்தத் தொடரின் உயிர். ஒரே ஒரு சிக்கல். ட்ராய் போரிலும் ஸீனா இருப்பார், ஜூலியஸ் சீசரோடும் மல்லுக்கு நிற்பார். இரண்டுக்கும் நடுவே ஆயிரம் வருஷத்துக்கு மேல் இடைவெளி. அந்த எபிசோடுகள் வருகிற அன்றைக்கு மட்டும், திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு ஏதாவது இருக்கிறதா என்று வாத்தியாருக்கு ஞாபகப்படுத்துங்கள்.